நத்தை பொறித்த ரிசீவர்

என் தம்பியோடு நான் போட்ட சண்டைகளை எண்ணினால் பாதிக்கு மேல் ஒரே சண்டைதான். இரும்பு கடினமாக இருந்தால் வளையாது என்பான் அவன். கடினம் வேறு, விறைப்பு வேறு என்பேன் நான். சாப்பாட்டு மேசையில் ஆரம்பிக்கும், கை கழுவும் இடம் வரை கூடவே வரும், சில நாள் வாசல் வரை வந்து வழியனுப்பும். மற்ற வீடுகளில் அக்காவும் தம்பியும் வீட்டுக்கும் நிலத்துக்கும் அடித்துக்கொள்வார்கள். நாங்கள் எஃகுக்காக அடித்துக்கொள்கிறோம்.

அவன் துப்பாக்கி மெக்கானிக். போட்டிகளில் இலக்கைச் சுடுகிறவர்களின் ரைபிள்களைப் பழுது பார்ப்பான், கேட்டால் புதிதாகவும் செய்து தருவான். எல்லாம் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட் என்ற தாழைத் திறந்து மூடிச் சுடும் வகை. வீட்டின் பின்னறையில் ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், சுவர் முழுக்க அளவுகோல்கள். ரொட்டித் துண்டு கோணலாக இருந்தால்கூடத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர், அதையே அவனுக்கு வைத்தது நான்தான்.

நான் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். உலையில் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, பதம் போட்டு வரும் இரும்பு எவ்வளவு கடினமாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. என் மெஷினில் ஒரு வைர முனை இருக்கிறது. நூற்றைம்பது கிலோ பாரத்தில் அதை இரும்பில் அழுத்தினால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பள்ளம் விழும். பள்ளம் ஆழமாக இருந்தால் டயலில் சின்ன நம்பர் வரும், ஆழம் குறைந்தால் பெரிய நம்பர் வரும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன நம்பர் தப்பு என்று ஒரு சாமான்கூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, அதை நான் மறைத்ததும் இல்லை.

மூன்றாவது ஆள் மைக்ரானின் மனைவி. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் ஷூ நாடா கட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் தெருக்கோடியைத் தாண்டியிருப்பார்கள். கல்யாணம் ஆன முதல் வாரத்திலேயே மைக்ரான் அவளுக்கு நத்தை என்று பெயர் வைத்துவிட்டான், அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். ஆனால் ரைபிளோடு பாயில் குப்புறப் படுத்துவிட்டால் அந்த மெதுவே அவளுடைய பலம். அவளுக்கு அவசரம் என்ற ஒன்றே வராது. பதினொரு வருஷமாகச் சுடுகிறாள். போன வருஷம் அணித் தேர்வில் ஒரே ஒரு புள்ளியில் தவறவிட்டாள். அன்று அவள் அழவில்லை, வீட்டுக்கு வந்து பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தூங்கினாள். அழுதது மைக்ரான்.

அழுது முடித்தவன் ஒரு சபதம் எடுத்தான். அவளுடைய பழைய ரைபிளில் ரிசீவர் தேய்ந்துபோயிருந்தது. ரிசீவர் என்பது ரைபிளின் இடுப்பு மாதிரி. குழலை அதன் முன்பக்கம் திருகுவார்கள், போல்ட் அதற்குள்தான் ஓடிப் பூட்டிக்கொள்ளும். சுடும் நொடியில் பூட்டு அசையாமல் நிற்க வேண்டும், உடம்பு வளையாமல் நிற்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். புது ரிசீவரை நானே செய்கிறேன் என்றான். கனத்த எஃகு உருளையில் தொடங்கி, முக்கால்வாசி குடைந்து, கடைசிப் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உலைக்காரரிடம் கொடுத்துப் பதம் போட்டு வாங்கி, மீதியை மைக்ரான் மைக்ரானாகச் சீவினான். நாலு மாதம் ஆயிற்று. கடைசி வாரம் கட்டர் முனை இரண்டு உடைந்துவிட்டது என்று சாப்பிடும்போது சலித்துக்கொண்டான். அதை நானும் கேட்டேன், நத்தையும் கேட்டாள்.

புது ரிசீவர் போட்ட ரைபிளைத் துப்பாக்கிக் கிளப்பில் சுட விட வேண்டுமென்றால் அதன் கடினத்துக்கு ஒரு சான்று வேண்டும். அதனால் ஒரு வியாழக்கிழமை, மதிய இடைவேளையில், அதைப் பழைய டவலில் சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி என் மேசைக்குக் கொண்டுவந்தான். தேர்வுக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது.

டவலைப் பிரித்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு அழகாக இருந்தது. முன்பக்கம் தடித்த வளையம். நடுவே தோட்டா போடவும் வெறும் கூடு வெளியேறவும் பெரிய ஜன்னல். பின்பக்கம் மெல்லிய பாலம் போல ஒரு வளைவு, அதற்கடியில் டிரிகருக்காக வெட்டிய நீள வாய். முன் வளையத்தின் உச்சியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நத்தை பொறித்திருந்தான். முதுகில் சுருள், தலையில் இரண்டு கொம்பு. எந்நேரமும் திட்டிக்கொண்டே இருக்கிற இந்தத் தம்பிக்குள் இப்படி ஒருவன் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கண்ணால் பார்த்தால் மனசு இளகத்தான் செய்கிறது.

மனசு இளகினால் எனக்குத் திட்டத்தான் வரும். கொம்பு ஒன்று கோணல் என்றேன். எங்கே எங்கே என்று பதறிப்போய்க் குனிந்து பார்த்தான். பிறகு வழக்கம்போல ஆரம்பித்தான். இது நாற்பது காட்டும், நாற்பது காட்டினால் இரும்பு மாதிரி நிற்கும், வளையவே வளையாது என்றான். நாற்பது காட்டினால் பூட்டுகிற இடம் தேயாது, வளைவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றேன். அவன் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, வாயும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. நியாயமாகப் பார்த்தால் தடித்த முன் வளையத்தில்தான் அழுத்திப் பார்க்க வேண்டும். ஆனால் அங்கே நத்தை உட்கார்ந்திருந்தது. அதன்மேல் வைர முனையை இறக்க எனக்கு மனசு வரவில்லை. ரிசீவரைத் திருப்பி, பின்பக்கத்து மெல்லிய பாலத்தில் மூன்று தடவை அழுத்தினேன். முப்பத்துமூன்று, முப்பத்திரண்டு, முப்பத்துநாலு.

மைக்ரானின் முகத்தில் ஈயாடவில்லை. சராசரி முப்பத்துமூன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். தம்பி என்பதற்காக நம்பரை நான் கூட்டிப் போட மாட்டேன் என்று ஒரு வசனமும் பேசினேன். அதை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவன் டவலைச் சுற்றிக்கொண்டு போனான். முப்பத்துமூன்று என்றால் பஞ்சு, சுடச் சுடப் பூட்டு தேயும், ரிசீவர் வளையும், நத்தை மறுபடி ஒரு புள்ளியில் தோற்பாள் என்று அவனுக்குள் ஒரு கணக்கு ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சாப்பிடப் போனபோது முடிவையே சொல்லிவிட்டான். திங்கட்கிழமை மறுபடி உலைக்காரரிடம் போகிறான், இந்தத் தடவை ஐம்பதுக்குப் பதம் போடச் சொல்லப்போகிறான், அப்போதுதான் விறைப்பாக நிற்கும்.

எனக்குத் தலை சுற்றியது. சீவி முடித்த சாமானை மறுபடி உலையில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும். நாலு மாதம் மைக்ரான் மைக்ரானாகச் சீவியது அத்தனையும் கோணிப்போகும், மூன்று வாரத்தில் இன்னொன்று செய்யவும் முடியாது. அது போகட்டும், ஐம்பதுக்கு ஏற்றினால் அந்த எஃகு கண்ணாடி மாதிரி வெடித்துப்போகக்கூடும். அது வெடிக்கும் நேரத்தில் அதற்கு ஒரு சாண் தள்ளி நத்தையின் கன்னம் இருக்கும். இதையெல்லாம் சொன்னேன். வளைவதையும் தேய்வதையும் போட்டுக் குழப்பாதே என்று சொன்னேன். அவன் ஒற்றைக் காலில் நின்றான்.

சொல்லிப் பயனில்லை என்று காட்டிவிடத் தீர்மானித்தேன். பையில் இரண்டு எஃகுப் பட்டை கொண்டுபோயிருந்தேன். ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே தடிமன். ஒன்று ஐம்பத்திரண்டுக்குப் பதம் போட்டது, இன்னொன்று பதமே போடாதது. இரண்டையும் மேசை விளிம்பில் பிடிப்பு வைத்து இறுக்கி, நுனியில் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டேன். நத்தை தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டுக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்ரான் டயல் கேஜ் கொண்டுவந்து நுனி எவ்வளவு இறங்கியது என்று அளந்தான். நாலு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். அடுத்ததை அளந்தான். நாலு புள்ளி இரண்டு. பட்டைகளை இடம் மாற்றி அளந்தான். அதே நாலு புள்ளி இரண்டு.

எழுந்து நின்று, உன் பிடிப்பு நழுவியிருக்கும் என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் பட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசல் வரை வந்தவள் நத்தைதான். நீயாவது சொல்லக்கூடாதா என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் கதவுப் பிடியைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"நாலு மாசமா ராத்திரி பகல்னு எனக்காகச் செஞ்சிருக்காரு அக்கா. வேணாம்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது" என்றாள்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனதும் முதலில் வந்தது ஒரு பம்ப் கம்பெனியின் உருளைகள். உள்ளே ஓட்டையாக, குழாய்த் துண்டு மாதிரி இருந்தன. தொட்டில் மாதிரி இருக்கும் வி வடிவத் தாங்கியில் ஒன்றை வைத்து அழுத்தினேன். நாற்பத்தொன்று வர வேண்டியது முப்பத்துமூன்று வந்தது. இது என்ன வம்பு என்று மெஷினைச் சோதித்தேன், மெஷின் சரியாக இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன், உருளைக்குள் அடைப்புத் தண்டு வைக்க மறந்திருந்தேன். உள்ளே வெறுமையாக இருக்கும் சாமானை அப்படியே அழுத்தினால் பாரம் ஏறும்போது மெல்லிய சுவர் வளைந்து கொடுக்கும், தாங்கியில் மயிரிழை நழுவி உட்காரும். பாரத்தை எடுத்த பிறகும் அந்த நழுவல் அப்படியே நிற்கும். டயலுக்கு என்ன தெரியும்? நழுவியதையும் சேர்த்துப் பள்ளம் என்று எண்ணிக்கொண்டு சின்ன நம்பரைக் காட்டும். சேர்ந்த முதல் மாதமே எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. தண்டை உள்ளே செருகி மறுபடி அழுத்தினேன். நாற்பத்தொன்று.

 மெல்லிய பாலம், அடியில் நீள வாய், உள்ளே வெறுமை. நத்தையைக் காப்பாற்றுகிறேன் என்று நான் ரிசீவரைத் திருப்பி வைத்த இடம் அதுதான். தண்டு வைக்கவில்லை. வாய் சண்டை போட்டுக்கொண்டிருந்தது, கை தானாக அழுத்தியது. கடினம் வேறு விறைப்பு வேறு என்று இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவள், விறைப்பு இல்லாத இடத்தில் அழுத்திவிட்டு அதைக் கடினம் இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன்.

போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. லேத் ஓடும்போது போனைக் கிட்டவே சேர்க்க மாட்டான், அந்தப் பழக்கத்தில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். உலைக்காரரின் எண் என்னிடம் இல்லை. மேற்பார்வையாளரிடம் அரை நாள் விடுப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன். அந்த நேரத்துக்கு, அந்த வழியில், கடைசி நிறுத்தம் வரை போகும் வண்டி ஒன்றே ஒன்றுதான். ஊரிலேயே மெதுவாகப் போகும் வண்டி அது. அதை ஓட்டிக்கொண்டு வந்தவள் நத்தை.

வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்று அவள் தலைக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. மற்ற ஓட்டுநர்களுக்கு அது வெறும் பலகை, நத்தைக்கு அது சட்டம். ஏறியதும் அவள் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நம்பர் தப்பு என்றேன். அவள் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். அடுத்த நிறுத்தம் வரும் வரை நான் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் தண்டு வைக்க மறந்ததைச் சொன்னேன். அதற்கடுத்ததில் உருளை விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிறுத்தத்தில் சக்கர நாற்காலியோடு ஒருவர் காத்திருந்தார். நத்தை இறங்கிப் போய்ச் சாய்வுப் பலகையை விரித்து, அவரை ஏற்றி, நாற்காலிக்குப் பட்டை மாட்டி, அது இறுகியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அங்கே உன் ரிசீவர் உலைக்குள் போகப் போகிறது, கொஞ்சம் மிதியேன் என்று கெஞ்சினேன்.

"ஒன்பது மணிக்கு முன்னாடி அங்க உலைக் கதவு திறக்க மாட்டாங்க. சூடு ஏறணும்ல. உட்காருங்க அக்கா" என்றாள்.

உட்காரவில்லை. நின்றபடியே, என் தப்புதான், முழுக்க என் தப்புதான் என்று அவள் முதுகுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசிக்கு முந்திய நிறுத்தத்தில் கதவைத் திறந்துவிட்டு அவள் திரும்பினாள்.

"கட்டர் முனை ரெண்டு உடைஞ்சுதுன்னு அன்னைக்கு சொன்னாரே. பஞ்சு மாதிரி இரும்புன்னா முனை ஏன் உடையப் போகுது? நான் அப்பவே யோசிச்சேன்."

யோசித்தவள் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எப்படிச் சொல்றது? அது நீங்க சொன்ன நம்பராச்சே."

கதவு மூடியது. இருபத்திரண்டு வருஷமாக நான் ஏங்கி வாங்கிய பெயர் அது. அன்றைக்கு அதைக் கேட்டபோது எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

கடைசி நிறுத்தத்தில் அவளுக்குப் பத்து நிமிஷம் ஓய்வு. வண்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் மாட்டி, என்னோடு நடந்தாள். நான் ஓடினேன், அவள் நடந்தாள், ஆனால் இரண்டு பேரும் எப்படியோ ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தோம். உலைக்கூடத்தில் எண்ணெய்ப் புகை மணத்தது. உலைக் கதவு திறந்து உள்ளே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. உலைக்காரர் நீளக் கம்பியால் ஒரு கூடையை உள்ளே தள்ளத் தயாராக நின்றார். கூடையில் பற்சக்கரங்கள், அச்சுகள், அவற்றுக்கு நடுவே கம்பி கட்டிய எங்கள் ரிசீவர். மைக்ரான் சுவரோரம் வெறும் டவலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் உலைக்காரரின் கையைப் பிடித்துவிட்டேன். என்னம்மா என்று அவர் திகைத்தார். ரிசீவரில் கட்டியிருந்த அட்டையில் எவ்வளவுக்குப் பதம் போட வேண்டும் என்று மைக்ரானின் கையெழுத்தில் இருந்தது. முதலில் ஐம்பது என்று எழுதியிருந்தான். அதை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதியிருந்தான்.

அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் டவலை மடித்தான்.

"ரெண்டு பட்டையும் ஒரே மாதிரி தொங்கினப்பவே புரிஞ்சுடுச்சு. விறைப்புக்காக இல்ல இது. பூட்டு தேயக்கூடாதுன்னுதான். கோணிப்போனாலும் உட்கார்ந்து சரி பண்ணிக்கலாம்னு பார்த்தேன். உன்கிட்ட வந்து ஒத்துக்கத்தான் முடியல" என்றான்.

இருபது வருஷச் சண்டையில் நான் ஜெயித்த நாள் அது. இப்படி ஒரு நாளில்தானா ஜெயிக்க வேண்டும்? அவன் என் பேச்சை நம்பியிருக்கிறான், என் நம்பரையும் நம்பியிருக்கிறான். பேச்சு சரி, நம்பர் தப்பு. உலைக்காரரும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் சொன்னேன்.

"முப்பத்துமூணு தப்புடா. உள்ள தண்டு வைக்காம அழுத்திட்டேன். உன் இரும்புல ஒரு குறையும் இல்லன்னு நினைக்கிறேன். தப்பு என்னோடது."

 மைக்ரான் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். நாலு நாள் அவன் தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது, கோபப்பட அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவனோ பத்து வயதுப் பையன் மாதிரி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீயா?" என்றான். "நீ தப்பு பண்ணுவியா அக்கா?"

அதற்கு நான் அழுதுவிட்டேன். எத்தனையோ வருஷம் கழித்து, எண்ணெய்ப் புகையில், முன்பின் தெரியாத நாலு ஆம்பளைகளுக்கு முன்னால் அழுதேன். நத்தை கூடைக்கு அருகே போனாள். கம்பியை அவிழ்த்து, ரிசீவரை எடுத்து, டவலில் சுற்றி, அவன் மடியில் வைத்தாள். அப்புறம் மணியைப் பார்த்துவிட்டு வண்டி எடுக்க நேரமாச்சு என்று கிளம்பினாள்.

அன்று மதியமே மைக்ரான் ரிசீவரின் உள்விட்டத்துக்குக் கச்சிதமாக ஒரு எஃகுத் தண்டு கடைந்து எடுத்துக்கொண்டு வந்தான். எண்ணெய் தடவி உள்ளே விட்டால் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. நத்தையும் வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். இந்தத் தடவை முன் வளையத்தில்தான் பார்க்க வேண்டும் என்றேன். நத்தை உருவத்துக்குப் பக்கத்தில் பள்ளம் விழும், பரவாயில்லையா என்று அவளிடமே கேட்டேன். அதுக்குப் பின்னால வரிசையா வைங்க, நடந்து வந்த தடம் மாதிரி இருக்கும் என்றாள்.

நான் வாயே திறக்கவில்லை. மைக்ரானும் திறக்கவில்லை. வைர முனை இறங்கியது. நாற்பத்தொன்று. நத்தையின் வாலுக்குப் பின்னால் ஒரு புள்ளி. அடுத்தது நாற்பத்தொன்று. அடுத்தது நாற்பது. தம்பி தன் நாலு மாதத்தை அப்போதுதான் திரும்ப வாங்கிக்கொண்டான். அவன் மூச்சு விட்டது எனக்கே கேட்டது. பழைய சான்றை நானே கிழித்தேன். எப்படித் தப்பு நடந்தது என்று மேற்பார்வையாளருக்கு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் படித்துவிட்டு, நீங்களா என்றார். அன்றைக்கு இரண்டாவது தடவையாக அதைக் கேட்டேன்.

இப்போது ரிசீவரில் ஆறு பள்ளம். முன்பக்கம் மூன்று, சரியானவை. பின்பக்கப் பாலத்தில் மூன்று, என் தப்பு. பின்பக்கத்ததை மட்டும் சீவி மெருகு போட்டுவிடுகிறேன், உனக்கு உறுத்தாது என்று மைக்ரான் என்னிடம் ரகசியமாகச் சொன்னான். செய்துவிடு, புண்ணியமாகப் போகும் என்றேன். அதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. குழல் மாட்டுவது, தோளில் அணைக்கும் கட்டையில் உட்கார வைப்பது, சுட்டுப் பார்ப்பது என்று அவன் மூழ்கிப்போனான். அதை மறந்துவிட்டான் என்று நான் நினைத்தேன்.

தேர்வு நாளில் நானும் மைக்ரானும் பின்னால் கயிற்றுக்கு இப்பால் நின்றோம். அவன் நகத்தைக் கடித்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன், பிறகு நான் கடித்தேன். நத்தை தன் பாயை விரித்து, அதன் சுருக்கத்தை நீவி, படுத்து, எழுந்து, மறுபடி நீவிப் படுத்தாள். பக்கத்துப் பாயில் இருந்தவர் அதற்குள் நாலு குண்டு சுட்டுவிட்டார். தொலைநோக்கியை வைத்து நான் இலக்கைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் அவள் ஒரே காரியத்தைச் செய்தாள். போல்ட்டை மூடுவாள். கட்டைவிரலைப் பின்பக்கப் பாலத்தின்மேல் வைத்து, மெதுவாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று எதையோ தடவுவாள். மூச்சை விடுவாள். அப்புறம்தான் கை டிரிகருக்குப் போகும். அறுபது குண்டு. அறுபது தடவை அதே மாதிரி.

நீ இன்னும் அதைச் சீவவில்லையா என்று மைக்ரானிடம் கேட்டேன். சீவத்தான் போனேன், அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள் என்றான்.

நாலாவது இடம் வந்தாள். ஐந்து பேரைத்தான் எடுப்பார்கள். பலகையில் எண் வந்ததும் மைக்ரான் கயிற்றைத் தாண்டி ஓடினான். அவன் அவளைத் தூக்கப் பார்த்து, முடியாமல், இரண்டு பேருமாகப் பாயில் விழுந்தார்கள். நான் மெதுவாகத்தான் போனேன். எனக்கு மனசு இளகியிருந்தது, இளகினால் எனக்குத் திட்டத்தான் வரும் என்று முன்பே சொன்னேனே. எதற்கடி அந்தப் பள்ளத்தை வைத்திருக்கிறாய், என் மானம் போவதற்கா என்றேன்.

நத்தை எழுந்து முழங்கைகளில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"வழவழன்னு இருந்தா விரல் நிக்க மாட்டேங்குது அக்கா. அங்க கை வைச்சாத்தான் மனசு நிக்குது. பதட்டமா இருக்கும்போதெல்லாம் நீங்க உங்க தப்பைச் சொல்லிக்கிட்டே என் வண்டியில நின்னு வந்ததை நினைச்சுக்குவேன்."

ரைபிளை என் கையில் கொடுத்தாள். கனமாக, வெயிலில் சூடேறி இருந்தது. பின்பக்கப் பாலத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். மூன்றும் இருந்தன.